வேஸ்ட் ஆகப் போகும் பங்கு

என் தம்பி வேலை பார்த்த அமெரிக்கக் கம்பெனியின் புது பிராசசர் ஜெயிக்குமா தோற்குமா என்று திருத்தணியில் மூன்று வருஷம் விவாதம் நடந்தது. விவாதித்தவர்கள் மூன்று பேர். ஒருவர் அம்மையார்குப்பத்தில் எட்டு பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்த பாவா, என் அக்காவின் கணவர். இரண்டாமவர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்த சித்தப்பா. மூன்றாவது ஆள், மலையடிவாரத்தில் படி தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் தேங்காய், பூ, கற்பூரக் கடை வைத்திருந்த எங்கள் அம்மா. பிராசசர் என்பது கம்ப்யூட்டருக்குள் மூளை மாதிரி வேலை செய்யும் சிப், பிஸ்கட் அளவுகூட இருக்காது என்று நான் சொன்னபோது மூன்று பேரும் நம்பவில்லை. அவ்வளவு சின்னப் பொருளுக்கா இவ்வளவு சண்டை என்று சித்தப்பா கேட்டார்.

சண்டை எங்கள் வீடுவரை வந்ததற்குக் காரணம் தம்பியின் நன்றியுணர்ச்சி. மேல்படிப்புக்கு அவன் அமெரிக்கா கிளம்பியபோது இந்த மூன்று பேரும்தான் கைகொடுத்தார்கள். பாவா இரண்டு தறிகளை விற்றார். சித்தப்பா ஆர்.கே.பேட்டைப் பக்கம் இருந்த துண்டு நிலத்தைக் கொடுத்துவிட்டார். அம்மா ஏலச்சீட்டை நஷ்டத்துக்குத் தள்ளி எடுத்தாள். யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அவன் படித்து முடித்து ஒரு சிப் கம்பெனியில் சேர்ந்ததும் எனக்கு மின்னஞ்சல் போட்டான். சம்பளத்தோடு கம்பெனிப் பங்கும் தருகிறார்கள், அதில் பாதியை இந்த மூன்று பேருக்கு என்று மனசுக்குள் எழுதி வைத்திருக்கிறேன், எப்போது விற்பது என்று அவர்களே சொல்லட்டும் என்று. மனசுக்குள் எழுதுவது செல்லாது, பதிவு பண்ண வேண்டும் என்றார் சித்தப்பா. ஆனாலும் அன்றைக்கு அவர் எனக்கும் சேர்த்து டீ வாங்கிக் கொடுத்தார்.

எனக்குப் பங்கு கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறத் தெருவில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தேன். டைப்பிங் சொல்லிக்கொடுப்பேன், கல்யாணப் பத்திரிகை அடிப்பேன், சென்னையிலிருந்து பாகங்கள் வாங்கி வந்து கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுப்பேன். ஊரில் இன்டர்நெட் இருந்த ஒன்றிரண்டு இடங்களில் என் கடையும் ஒன்று. அதனால் இந்த விவகாரத்தில் எனக்கு மொழிபெயர்ப்பாளன் வேலை கிடைத்தது. சம்பளமில்லாத வேலை, திட்டு மட்டும் உண்டு.

பங்கில் ஒரு நிபந்தனை இருந்தது. அது மொத்தமாக ஒரே நாளில் கைக்கு வராது. ஒரு வருஷம் முடிந்தால் கால் பங்கு அவனுடையது. இரண்டு வருஷம் முடிந்தால் பாதி. நாலு வருஷம் அங்கேயே இருந்தால்தான் முழுதும் அவனுக்கு. நடுவில் வேலையை விட்டால் மிச்சத்தைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும். இப்படிப் பங்கு பாத்தியதையாகிக் கைக்கு வருவதை அவர்கள் ‘வெஸ்ட்’ ஆவது என்று சொல்வார்கள். அந்தச் சொல்லை அப்போதே மூன்று பேருக்கும் நான் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். நாலு வருஷக் கணக்கைச் சொன்னேன், சொல்லைச் சொல்லவில்லை.

அம்மாவுக்கு அந்த நாலு வருஷம் மட்டும்தான் காதில் விழுந்தது. அவளுக்குப் பங்கும் வேண்டாம், பிராசசரும் வேண்டாம். சின்னவன் ஊருக்குத் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான். சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு வாரம் ஒருமுறை எலக்ட்ரிக் டிரெயினில் வந்து போனால் போதும் என்பாள். இந்த ஆசையை அவள் ஒளித்து வைக்கவில்லை. கடைக்கு வருகிற மொட்டை போட்ட ஆந்திராக்காரர்களிடம்கூடத் தெலுங்கில் சொல்லுவாள். அவர்களும் தேங்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, வந்துவிடுவான் அம்மா என்று சொல்லிவிட்டுப் படியேறுவார்கள்.

செவ்வாய், வெள்ளி, ஞாயிறு, கிருத்திகை எல்லாம் அம்மாவுக்கு வியாபார நாட்கள். அதனால் எங்கள் கூட்டம் வியாழக்கிழமை மத்தியானம் என் கடையில் நடக்கும். காலையிலேயே நான் ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் நாலைந்து தாள் எடுத்து வைப்பேன். அந்தக் கம்பெனியின் பங்கை வைத்திருக்கிறவர்கள் உலகத்தின் பல மூலைகளில் உட்கார்ந்துகொண்டு வாய்ச்சண்டை போடும் இடம் அது. எல்லாரும் புனைபெயரில் எழுதுவார்கள். அதில் இரண்டு பேர் முக்கியம். ஒருவர், புது பிராசசர் வந்ததும், சந்தையைக் கையில் வைத்திருந்த போட்டிக்காரப் பெரிய கம்பெனியின் கதை முடிந்தது என்று தினமும் எழுதுவார். இன்னொருவர், இந்தக் கம்பெனியே முடிந்தது என்று தினமும் எழுதுவார். முதல் ஆளுக்கு பாவா நம்பிக்கைக்காரர் என்று பெயர் வைத்தார். இரண்டாவது ஆளுக்கு அம்மா வைத்த பெயர் நல்லபிள்ளை.

நம்பிக்கைக்காரரின் வாதம் மின்சாரத்தைப் பற்றியது. புது பிராசசர் மற்றதைவிடப் பாதி மின்சாரம்தான் எடுக்கும், சூடாகாது, தலைமேல் ஃபேன் ஓட வேண்டியதில்லை, மடியில் வைத்து வேலை செய்யும் கம்ப்யூட்டர்களுக்கு இனி இதுதான் என்பார். நான் இதைத் தமிழில் சொன்ன அன்றைக்கே பாவா மொத்தமாக விழுந்துவிட்டார். தறிக்காரருக்குக் கரண்ட் என்ற சொல் போதும். “பாதிக் கரண்ட்ல அதே வேல செய்யுதுன்னா எவன் மச்சான் வேணான்னுவான்?” என்று கேட்டார். அதற்குப் பிறகு எந்த வாரம் எது படித்தாலும் அவர் கருத்து மாறவேயில்லை. பங்கு விலை இறங்கினால் அது தற்காலிகம், ஏறினால் அது கரண்ட்.

நல்லபிள்ளையின் வாதம் வேறு. இந்த பிராசசர் பழைய புரோகிராம்களை நேரடியாகப் புரிந்துகொள்ளாது, உள்ளுக்குள் மொழிபெயர்த்துத்தான் ஓட்டும், அதனால் மெதுவாக இருக்கும் என்பார். இதை நான் விளக்கியதும் சித்தப்பா, நடுவில் மொழிபெயர்க்கிறவன் ஒருத்தன் இருந்தால் தாமதம் ஆகத்தானே செய்யும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பாவா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சித்தப்பாவுக்கென்று நிலையான கட்சி எதுவும் இல்லை. அவர் கேட்பதெல்லாம் கீழே யார் கையெழுத்து என்றுதான். சொந்தப் பெயரைப் போடாதவன் எழுதியது சாட்சியில்லாத பத்திரம் மாதிரி, அதை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கும் வரக்கூடாது என்பார். சொல்லிவிட்டு, அந்தத் தாள்களை மடித்து வீட்டுக்கு எடுத்துப் போய் இரண்டாம் முறை படிப்பார். பத்திர இங்கிலீஷ் மட்டும் தெரிந்தவர் அவர். நம்பிக்கைக்காரரின் எழுத்தில், பத்திரத்தில் வரிக்கு வரி வரும் ‘ஹியர்இன்ஆஃப்டர்’ என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை என்பது அவருக்குப் பெரிய குறையாகத் தெரிந்தது.

அம்மா எல்லாவற்றையும் பூ தொடுத்துக்கொண்டே கேட்பாள். கடைசியில் அவள் ஓட்டு எப்போதும் ஒன்றுதான். கைக்கு வந்ததை விற்றுவிட்டு, மிச்சத்தை அவர்களுக்கே விட்டுவிட்டு வரச் சொல். அது நடக்காது என்று பாவா எடுத்துச் சொல்வார். அவள் அடுத்த வியாழக்கிழமையும் அதையே சொல்வாள். பங்கு நல்ல உயரத்தில் இருந்த வாரத்திலும் அதைத்தான் சொன்னாள். மூன்று பேரும் ஒத்துப்போனால்தான் தம்பிக்கு எழுதுவது என்று ஏற்பாடு. அதனால் ஒவ்வொரு வாரமும் ஒன்றும் எழுதாமலே கூட்டம் கலைந்தது.

ஒரு வாரம் அவள் ஓட்டோடு சேர்த்து ஒரு காரணமும் சொன்னாள். அடிவாரத்தில் அவள் கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு பெரிய கடை உண்டு. சின்னதாக யாராவது புதுக் கடை போட்டு, பித்தளைத் தட்டு, நல்ல சந்தனம் என்று ஏதாவது புதுசாகக் கொண்டுவந்தால் பெரிய கடைக்காரர் சண்டைக்கெல்லாம் போகமாட்டார். ஆடிக் கிருத்திகைக்கு ஒரு வாரம் முன்னால் அர்ச்சனைத் தட்டின் விலையைப் பாதியாக இறக்கிவிடுவார். அந்த ஒரு வாரம் நஷ்டப்பட அவரால் முடியும், சின்னக் கடையால் முடியாது. “புதுச் சரக்கு நல்லதா கெட்டதான்னு எவன் பாக்குறான். அவன் வெலையை எறக்குவான், இவங்க கடைய மூடிக்கினு போவாங்க” என்றாள். நம்பிக்கைக்காரர், நல்லபிள்ளை இருவரும் சேர்ந்து எழுதிய அத்தனை பக்கங்களிலும் இவ்வளவு சரியான கருத்து வரவில்லை. ஆனால் அது எனக்கு அப்போது தெரியவில்லை. தேங்காய்க் கடையையும் சிப் கம்பெனியையும் சேர்த்துப் பேசுகிறாளே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

அவள் பேச்சோடு நிற்கவில்லை. ஒரு கிருத்திகை அன்று கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு மலையேறினாள். போவதற்கு முன் என்னிடம் வந்து, தம்பியின் கம்பெனிக்கு எதிரி எது, அந்தப் பெரிய கம்பெனியின் பெயர் என்ன என்று கேட்டாள். சொன்னேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். பிறகு நடந்ததைக் கூடப் போன அக்கா சொல்லித்தான் தெரியும். அர்ச்சனைக்குப் பெயர் கேட்ட குருக்களிடம் அம்மா அந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்லியிருக்கிறாள். நட்சத்திரம் என்ன என்று அவர் கேட்டிருக்கிறார். அம்மா திகைத்துப்போய், சாமி பேருக்கே பண்ணிடுங்க என்றிருக்கிறாள். உள்ளூர ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டது பெரிய கம்பெனிக்காகத்தான். பாவாவின் மாமியார் அவருடைய முதலீட்டுக்கு எதிராக முருகனிடம் மனுப் போட்டதை அக்கா அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை அவருக்குத் தெரியாது.

தம்பி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கடைக்கு அடுத்த எஸ்.டி.டி. பூத்துக்குப் பேசுவான். அம்மா கடை திறப்பதற்கு முன் ஓடி வந்து காத்திருப்பாள். ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை அவள் பேசி முடித்துவிட்டு வெளியே வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. நான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன்.

“எல்லாம் வேஸ்ட் ஆயிடுமாம்டா பெரியவனே. அவனே சொல்றான். இன்னும் ஒன்ற வருசந்தான், அடுத்த வருச ஆடி வந்தா எல்லாம் வேஸ்ட் ஆயிடும், அதுக்கப்பறம் கவலையே இல்லம்மான்னு சொல்றான்.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவன் சொன்னது வெஸ்ட். அவள் கேட்டது வேஸ்ட். வேஸ்ட் என்பது அவளுக்குத் தெரிந்த நாலைந்து இங்கிலீஷ் சொற்களில் தினமும் வாயில் புழங்குவது. சாயங்காலம் விற்காமல் வாடிப்போன பூவுக்கு அவள் வேறு பெயர் சொன்னதே இல்லை. ஆக, ஒன்றரை வருஷத்தில் அந்தப் பங்கு எல்லாம் வாடிய பூவாகிவிடும், பிறகு அங்கே அவனுக்கு என்ன வேலை, மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவான் என்று அவள் கணக்குப் போட்டுவிட்டாள். அவன் சொன்னதற்கு நேர் எதிர். அதுவும் ஓர் எழுத்தின் நெடிலால்.

வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அரை நிமிஷ வேலை. ஆனால் அவள் நிற்கவில்லை. அவ்வளவு வேகமாக அவள் நடந்து நான் வருஷக்கணக்காகப் பார்த்ததில்லை. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கேசரி பண்ணியிருந்தாள். சாப்பிட்டுவிட்டு நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்துவிட்டேன்.

அதற்குள் செய்தி அம்மையார்குப்பம் போய்விட்டது. மறுநாள் முதல் பஸ்ஸில் பாவா வந்து இறங்கினார். தறியைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். “மச்சான், எல்லாம் வேஸ்ட்டுன்னு அத்த சொல்லிக்கினு கீறாங்களே, நெசமா? இன்னிக்கே விக்கச் சொல்லிடு” என்றார். சித்தப்பாவும் வந்துவிட்டார். தம்பியின் மின்னஞ்சல் ஒன்றைத் திறந்து காட்டி, அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொன்னேன். சித்தப்பா தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். பத்திரத்தில் வரும் சொல்தான் இது, உரிமை வந்து சேர்வது என்று அர்த்தம் என்று சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். பாவாவும் சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தோம், நானும்தான்.

சிரித்து முடித்ததும் அம்மாவிடம் யார் சொல்வது என்ற பேச்சு வந்தது. பாவா கெட்ட மனிதர் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஆனால் அவர் முதலீட்டாளர். அந்த வியாழக்கிழமை அம்மா என்ன ஓட்டுப் போடுவாள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார்.

வியாழக்கிழமை அம்மா வந்து உட்கார்ந்து, பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு, நான் ஒரு தாளைக்கூடப் படிப்பதற்கு முன்னால் பேசினாள். “விக்கறத பத்தி இனிமே பேசாதீங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும். ஆவறப்ப ஆவட்டும்.”

விற்றுவிட்டால் அது வேஸ்ட் ஆக முடியாதே. வேஸ்ட் ஆனால்தானே பையன் வருவான். ஒரு வருஷத்துக்கு மேலாக விற்கச் சொன்னவள், ஒரே சொல்லில் எங்கள் எல்லாரையும்விடப் பிடிவாதமாக வைத்திருக்கச் சொல்கிறவளாக மாறிவிட்டாள். முதல் முறையாக மூன்று ஓட்டும் ஒன்றாக விழுந்தன. பாவா என்னைப் பார்த்தார். சித்தப்பா ஜன்னலுக்கு வெளியே பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே, “அண்ணி சந்தோசமா இருக்காங்க. நீ ஒண்ணும் எடுத்துச் சொல்லாத” என்றார். நான் தம்பிக்கு அன்றைக்கே எழுதினேன்: விற்க வேண்டாம் என்று எல்லாரும் ஒருமனதாகச் சொல்கிறார்கள். ஏன் என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் அவன் சிரித்திருப்பான், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொல்லியும் இருப்பான். அது எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அம்மா சந்தோஷமாக இருக்கட்டும் என்பதற்காகத்தான் நான் பேசாமல் இருந்தேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான். மீதிப் பாதி பொறாமை. தினமும் ராத்திரி கூடவே உட்கார்ந்து சாப்பிடுகிறவன் நான். அவள் முட்டிவலிக்குத் தைலம் வாங்கி வருகிறவன் நான். ஆனால் ‘பையன் எப்போ வருவான்’ என்று யார் கேட்டாலும் அது என்னைப் பற்றிய கேள்வியாக இருந்ததில்லை. அவள் ஏமாறட்டுமே என்று மனசின் ஒரு மூலையில் இருந்தது. இப்போது எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த ஒன்றரை வருஷமும் அம்மா தயார் பண்ணிக்கொண்டே இருந்தாள். மாடியில் ஷீட் போட்ட அறையின் தரைக்கு டைல்ஸ் பதித்தாள். சின்னவனுக்கு உட்கார்ந்து எழ முடியாமல் போயிருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வீட்டில் முதல்முறையாக வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தாள். அவளால் அதில் உட்கார முடியவில்லை, எங்களையும் உட்கார விடவில்லை. தினசரிக் காலண்டரில் தாள் கிழிக்கும் வேலையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். வியாழக்கிழமைகளில் வந்து நல்லபிள்ளை இந்த வாரம் என்ன எழுதினார் என்று முதலில் கேட்பாள். அவர் மோசமாகத் திட்டியிருந்தால், பாவம் நல்ல மனுசன் என்பாள்.

நல்லபிள்ளைக்கு நல்ல காலமும் வந்தது. புது பிராசசர் சித்திரையில் வரும் என்றார்கள், பிறகு ஐப்பசி என்றார்கள். ஒவ்வொரு முறை தள்ளிப்போகும்போதும் பங்கு ஒரு படி இறங்கியது. பாவா மட்டும் அசையவில்லை. நல்ல சாமான் என்றால் லேட்டாகத்தான் வரும் என்றார். கடைசியில் வந்தது. சொன்ன மாதிரியே கரண்ட் குறைவாக எடுத்தது, சூடாகவும் இல்லை. நான் ஒரு பத்திரிகையில் அதன் படத்தைப் பார்த்தேன். அழகாகக்கூட இருந்தது. ஆனால் அது கடைக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்னால் பெரிய கம்பெனி தன் சரக்கின் விலையைப் பாதிக்கும் கீழே இறக்கிவிட்டது. கொஞ்ச நாளில் குறைந்த கரண்ட்டில் ஓடும் தன்னுடைய சிப்பையும் கொண்டுவரப்போவதாகச் சொல்லிவிட்டது. ஆர்டர் கொடுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். நம்பிக்கைக்காரர் ஒருநாள் எழுதுவதை நிறுத்தினார். நல்லபிள்ளையும் சில நாளில் நிறுத்திவிட்டார். அவருக்குத் திட்ட ஒன்றும் மிச்சமில்லை போல.

அம்மா சொன்னது அப்படியே நடந்தது என்று பாவாதான் முதலில் சொன்னார். தேங்காய்க் கடைக்காரி சொன்னதைக் கேட்டு உயரத்தில் இருந்தபோதே விற்றிருந்தால் தறி எத்தனை வாங்கியிருக்கலாம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்து, அதைக் கசக்கிப் போட்டார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. அம்மாவின் ஓட்டை மாற்றவிடாமல் பார்த்துக்கொண்டதில் அவருக்கும் பங்கு இருந்தது அவருக்குத் தெரியும். சித்தப்பா, மனசுக்குள் எழுதின பத்திரம்தானே, மனசுக்குள்ளேயே ரத்து பண்ணிக்கலாம் என்றார்.

ஆடி வந்தது. நாலு வருஷம் முடிந்து, தம்பியின் பங்கு முழுதும் முறைப்படி அவன் கைக்கு வந்து சேர்ந்தது. அப்போது அதன் மொத்த மதிப்பை எழுதக்கூடக் கை வரவில்லை. அடுத்த இரண்டு வாரத்தில் கம்பெனியையே யாருக்கோ கைமாற்றி, பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பியவர்களில் தம்பியும் ஒருவன். மின்னஞ்சலில் நாலே வரி எழுதியிருந்தான்.

கிருத்திகைக் கூட்டம் வடிந்த பிறகு அம்மா என் கடைக்கு வந்தாள். நாள் முழுக்கக் காவடிக்காரர்களுக்குப் பூ விற்று அவள் கைவிரல்கள் ஈரத்தில் வெளுத்திருந்தன. “வேஸ்ட் ஆயிடுச்சா?” என்று கேட்டாள்.

“ஆயிடுச்சும்மா” என்றேன்.

ஒன்றரை வருஷம் நான் திருத்தாமல் விட்ட சொல் தானாகவே உண்மையாகிவிட்டது. எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது என்றே நினைத்தேன். அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். வேர்வைதான். மாடி அறைக்கு ஒரு மெத்தை சொல்ல வேண்டும், இலவம் பஞ்சு வேண்டாம், அவனுக்குத் தும்மல் வரும் என்றாள்.

மெத்தை வந்தது. அதற்குள் எங்கள் வீட்டுக்கே போன் வந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அடித்தது, அம்மாதான் எடுத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். தம்பி அமெரிக்காவில் இருந்துகொண்டு பேசியது கூடம் முழுக்கக் கேட்டது. அவன் குரலில் கவலையே இல்லை. வேலை கிடைத்துவிட்டது என்றான். வேறு எங்குமில்லை, அந்தப் பெரிய கம்பெனியிலேயே. இவனுடைய பிராசசரைத் தோற்கடித்தவர்களே, அதைச் செய்த ஆட்கள் வேண்டும் என்று கூப்பிட்டு எடுத்துக்கொண்டார்கள். முன்னைவிடப் பெரிய சம்பளம். பங்கும் உண்டு.

அம்மா அந்தக் கம்பெனியின் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த பெயர்தான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

“அங்கயும் நாலு வருசமா நைனா?”

“ஆங்மா. அங்கயும் நாலு வருசந்தான்.”

“நாலு வருசம் ஆனா அதுவும் வேஸ்ட் ஆயிடும் இல்ல?”

எட்டாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் அவன் ஆச்சரியப்பட்டது இங்கே கேட்டது. அம்மாவுக்கு இதெல்லாம்கூடத் தெரிகிறதே, அண்ணன் சொல்லிக்கொடுத்தானா என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே சொன்னான்: “ஆயிடும்மா. எல்லாம் வெஸ்ட் ஆயிடும்.”

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினாள், நல்ல சேதிதான் என்கிற மாதிரி. நான் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கும் சொல்லவில்லை.